கோபாலுக்குத் தைத்த கல்யாண உடுப்பு

இங்கிலாந்து இளவரசரின் கல்யாணத்தைத் தொலைக்காட்சியில் காட்டிய அன்று நான் மலேசியாவின் பத்து பகாட் ஊரில் எங்கள் சீருடைத் தொழிற்சாலையின் கண்டீனில் உட்கார்ந்திருந்தேன். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகியும், வெட்டு மேசையில் என்னோடு வேலை செய்தவர்களைப் பார்க்க மாதம் ஒரு முறை போய்விடுவேன். மணப்பெண் தேவாலயப் படியேறும்போது அவள் பின்னால் இழுபட்டுக்கொண்டே வந்த துணியின் நீளத்தைப் பார்த்து எல்லாரும் சாப்பாட்டை மறந்துவிட்டார்கள்.

"அங்கிள், இந்த மாதிரி நீங்க தச்சிருக்கீங்களா?" என்று சாந்தி கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு தச்சிருக்கேன்மா."

"பொண்ணு எந்த ஊரு?"

"பொண்ணு இல்ல. கோபால்னு ஒருத்தரு."

எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த வாரமே சாந்தி வீட்டுக்கு வந்து, தொழிற்சங்க மலருக்கு அதை எழுதித் தரச் சொன்னாள். "ஜாலியா இருக்கும் லா, எழுதுங்க அங்கிள்" என்றாள். ஐம்பது வருஷத் தையல் வாழ்க்கையில் ஜாலியாக எழுதக்கூடியவை எத்தனையோ உண்டு. இது அதில் சேராது. சரி என்று ஒப்புக்கொண்ட பிறகு வேறு எதையும் எழுத வரவில்லை.

நான் தொழில் பழகியதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பதினான்கு வயதில் பத்து பகாட் கடைத்தெருவில் ஒரு தையல்கடையில் சேர்ந்தேன். ஒரு வருஷம் பொத்தான் கட்டினேன், ஒரு வருஷம் காஜா எடுத்தேன், மூன்றாம் வருஷம் கத்திரி பிடிக்க விட்டார்கள். இருபத்திரண்டில் தனிக்கடை போட்டேன். அந்தக் கடைக்குத்தான் டேனியல் மாஸ்டர் வந்தார்.

அவர் ஊரில் இருந்த ஆங்கிலப் பள்ளியில் சரித்திர வாத்தியார். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், பிறந்தது மூவாரில். மெலிந்த ஆள், எந்த வெயிலிலும் டை கட்டியிருப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நாம் செய்தது அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் கண்ணாடியைக் கழற்றி, டையின் நுனியால் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு, "இன்னொரு தடவ பாப்பமா, ராமையா?" என்பார். அந்தக் கண்ணாடி கழன்றாலே நான் தையலைப் பிரிக்கத் தொடங்கிவிடுவேன்.

இங்கிலாந்தில் புது ராஜா முடிசூடிய வருஷம், பள்ளியில் ஏதாவது காட்சி நடத்த வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொல்லியிருந்தார்கள். மாஸ்டர் தேர்ந்தெடுத்தது ஒரு பழைய கல்யாணம். முந்நூறு வருஷத்துக்கும் முன்னால் இங்கிலாந்து ராஜா ஒருவர் தம் மகளை ஜெர்மன் தேசத்து இளவரசனுக்குக் கட்டிக்கொடுத்தார். அதைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்று மாஸ்டரிடம் இருந்தது. மெழுகுத்துணியில் சுற்றிக் கடைக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லுவார். நான் சுண்ணக்கட்டியால் மேசையில் குறித்துக்கொள்வேன்.

மணப்பெண்ணுக்கு வெள்ளி இழை ஓடிய துணி. கூந்தலை முடியாமல் இடுப்புவரை தொங்கவிட்டு, அதில் முத்தும் பொன் சரிகையும். தலையில் கிரீடம். பின்னால் இழுபடும் துணியைத் தூக்கிவர பன்னிரண்டு, பதிமூன்று சீமாட்டிகள். ராஜாவும் பிரபுக்களும் கழுத்தில் போட்டிருந்த வெள்ளைச் சுருக்குப் பட்டை, தட்டில் தலையை வைத்தாற்போல் இருக்கும். கல்யாணத்துக்கு முன் பல நாள் கொண்டாட்டம். ஆற்றின் மேல் வாணவேடிக்கை, நிஜக் கப்பல்களை நிறுத்திப் பொய்யாக ஒரு கடல் சண்டை, அரண்மனைக்குள் முகமூடி போட்ட பிரபுக்களின் கூத்து.

வெள்ளித் துணிக்கு நான் எங்கே போவேன்? சிகரெட் டப்பாக்களில் வரும் ஈயத்தாளைச் சேர்த்து, மெல்லிய கீற்றாக வெட்டி, சாம்பல் நிறச் சாட்டின் துணியில் வரிவரியாகப் பதித்துத் தைத்தேன். அந்தக் காலத்துச் சீமாட்டிகளின் பாவாடை கூடாரம் மாதிரி விரிந்து நிற்குமாம். அதற்கு அவர்கள் திமிங்கல எலும்பு வைத்தார்கள் என்றார் மாஸ்டர். நான் பிரம்பை வாங்கி, ஊறவைத்து, ஐந்து வளையங்களாக வளைத்துப் பாவாடைக்குள் செருகினேன். பிரம்பு நன்றாகவே நின்றது.

கழுத்துப் பட்டைதான் படுத்தியது. ஆறு கஜ வெள்ளைத் துணியை இரண்டு சாண் கழுத்துப்பட்டியில் 8 வடிவில் அடுத்தடுத்து மடித்துச் சுருக்க வேண்டும். பச்சரிசிக் கஞ்சியை மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டி, அதில் முக்கி, ஈரம் முக்கால்வாசி போனதும், கரியில் சுட்ட இரும்புக் கம்பியை ஒவ்வொரு மடிப்பிலும் நுழைத்து நிமிர்த்த வேண்டும். கம்பியின் சூட்டைக் கன்னத்தருகே வைத்துப் பார்ப்பேன். கூடினால் துணி பழுப்பேறிவிடும், குறைந்தால் மடிப்பு தொய்ந்துவிடும். ஒரு பட்டைக்கு அரை நாள் போகும். முதல் ஏழு பட்டைகளுக்கும் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். எட்டாவதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுதான்" என்று மட்டும் சொன்னார். என் வாழ்நாளில் வாங்கிய பட்டங்களில் அதுவே பெரியது.

அந்தக் காட்சி பள்ளித் திடலில் நடந்தது. ஊரே வந்தது. அதன் பிறகு உடுப்புகளை இரண்டு மரப்பெட்டிகளில் வேப்பிலை போட்டு அடுக்கி வைத்தோம்.

ஜப்பான்காரன் வந்தபோது பள்ளி மூடப்பட்டு, பிறகு ஜப்பானியப் பாடம் சொல்லித்தரத் திறக்கப்பட்டது. மாஸ்டர் மூன்று மாதத்தில் அந்த எழுத்தைக் கற்றுக்கொண்டு வாத்தியாராகவே நீடித்தார். அந்தத் தடித்த புத்தகத்தைக் கோழிக்கூண்டின் அடியில் புதைத்து வைத்திருந்தார். என் கடையில் துணி இல்லை. சாக்கு ஒட்டுப்போட்டுக் கொடுத்தேன். அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான். நூல் தீர்ந்த பிறகு அன்னாசி இலையிலிருந்து நார் உரித்துத் திரித்த முரட்டு இழையால் தைத்தோம்.

அப்படி இருக்கும்போது பிரச்சாரப் பிரிவின் அதிகாரி ஒருவர் பள்ளியைச் சோதனை போட்டு அந்தப் பெட்டிகளைக் கண்டுபிடித்துவிட்டார். மாஸ்டரையும் என்னையும் கூப்பிட்டார்கள். அதிகாரி ஒரு கழுத்துப் பட்டையை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டே ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர் தமிழ் ஆள்தான், அவர் சொன்னார்: "இது வெள்ளைக்காரன் ராஜா கல்யாணம்னு தெரியும். இதையே நாடகமாப் போடணும். ஊர்ச் சொத்த அவனுங்க எப்படிக் கொட்டி ஆடுனானுங்கன்னு தோட்டத்து ஆளுங்களுக்குக் காட்டணும். நடிக்கிறவங்களுக்கு அரிசி உண்டு."

வெளியே வந்ததும் நான் மாஸ்டர் முகத்தைப் பார்த்தேன். பயந்திருப்பார் என்று நினைத்தேன். கண்கள் மின்னிக்கொண்டிருந்தன.

"பொய் ஒண்ணும் சேக்க வேண்டியதில்ல, ராமையா. புஸ்தகத்துல இருக்கறதே போதும். அந்தக் கடல் சண்டையில ஒரு ஆளுக்கு ரெண்டு கண்ணும் போச்சு. இன்னொருத்தனுக்கு ரெண்டு கையும் போச்சு. ராஜா அதப் பாத்துச் சலிச்சுப்போய் போதும்னுட்டாரு. நாம இத முன்னாடி போட்டப்ப இதெல்லாம் சொல்ல முடிஞ்சுதா?"

இரண்டு வருஷமாக அவர் இவ்வளவு பேசி நான் கேட்கவில்லை. எனக்கும் ஆசை இருந்தது. சாக்கு தைத்துத் தைத்துக் கை மரத்துப் போயிருந்தது.

நடிக்கப் பன்னிரண்டு பேரைச் சேர்த்தோம். பெண்கள் யாரும் வரத் துணியாத காலம். அந்தக் கால இங்கிலாந்திலும் மேடையில் பெண் வேஷத்தை ஆண்கள்தான் போட்டார்கள் என்று மாஸ்டர் சமாதானம் சொன்னார். மணப்பெண்ணாக வந்தவர்தான் கோபால். ஊருக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் நிறுத்துக் கணக்கு எழுதும் கிராணி. வயது இருபத்தாறு. சிவந்த நிறம், நல்ல குரல். லெட்சுமியைக் கல்யாணம் செய்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஒத்திகைக்குப் பன்னிரண்டு மைல் சைக்கிள் மிதித்து வருவார். டயருக்குப் பதில் ரப்பர்க் குழாயைச் சுற்றியிருப்பார். தனக்குக் கிடைக்கும் அரிசியை ஒரு மணிகூடச் சிந்தாமல் வேட்டி முனையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோவார்.

கொக்கியும் பொத்தானும் கிடைக்காததால் மணப்பெண் உடுப்பை அவர் உடம்பிலேயே வைத்துத் தைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முதலில் பிரம்புப் பாவாடையை இடுப்பில் கட்டி, மேலே ஈயத்தாள் அங்கியைப் போட்டு, முதுகில் கழுத்திலிருந்து இடுப்புவரை அன்னாசி நாரால் நெருக்கமாகத் தைப்பேன். பிறகு இரண்டு கைகளும் மணிக்கட்டில். ஒரு மணி நேரம் ஆகும். ஆட்டம் முடிந்ததும் பிரித்துவிடுவேன். தைக்கும்போது கோபால் அசையாமல் நிற்பார். "அண்ணே, மூச்சு விடலாமா?" என்று கேட்டுச் சிரிப்பார்.

முதல் இரண்டு தோட்டங்களில் ஆட்டம் நன்றாகவே நடந்தது. ராஜா கொட்டாவி விடும் இடத்தில் ஜனங்கள் கைதட்டினார்கள். கண்ணிழந்த மாலுமி தடவிக்கொண்டு மேடையைக் கடந்தபோது பெண்கள் அழுதார்கள். முடிந்ததும் எல்லாருக்கும் ஒரு குவளைத் தேநீர் கொடுத்தார்கள்.

மூன்றாவது ஆட்டம் கோபாலின் தோட்டத்தில் என்று முடிவானது. அவரே கேட்டு வாங்கியது. தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயம் லயமாகப் போய் எல்லாரையும் வரச் சொன்னார். ஆட்டம் முடிந்ததும் அரிசியும் துணியும் கொடுப்பார்கள், ஆம்பிளைங்க ஒருத்தர் விடாமல் வர வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னதை அப்படியே சொல்லியிருக்கிறார்.

அதற்கு இரண்டு நாள் முன்பு மொழிபெயர்ப்பாளர் என் கடைக்கு வந்தார். ஒரு சாண் நீளத்தில் நூற்றைம்பது வெள்ளைப் பட்டை வேண்டும், கையில் கட்டுகிற மாதிரி முனையில் நாடா வைக்க வேண்டும், வரிசையாக எண் எழுத வேண்டும் என்றார்.

"வெள்ளைத் துணி ஏதுங்க?"

"அந்தக் கழுத்துல போடறது இருக்கே. எட்டுப் பத்து இருக்குல்ல? அத வெட்டுங்க."

"எதுக்குங்க இது?"

அவர் வாசலைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அரிசிக்கு வரிசையில நிக்கறப்ப கட்டிக்கத்தான்."

அரிசிக்கு வரிசையில் நிற்பவர்களில் பாதிப்பேர் பெண்கள். அவர் கேட்டதோ ஆண்களின் கைக்கு அளவு. மெர்சிங் பக்கம் ஆட்களை லோரியில் ஏற்றிச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோகிறார்கள் என்ற பேச்சு அப்போதே ஊரில் இருந்தது. நான் கழுத்துப் பட்டைகளை எடுத்துக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்குப் போய், நூற்றைம்பது கைப்பட்டை கேட்டதைச் சொன்னேன்.

"மாஸ்டர், எனக்கு இது சரியாப் படல. கோபால்கிட்ட ஒரு வார்த்த சொல்லிறலாமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். ஆனால் திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார்.

"தள்ளுமுள்ளு இல்லாம அரிசி குடுக்கத்தான் இருக்கும், ராமையா. நாமளே கலவரத்தக் கெளப்பிட்டா, பன்னெண்டு பேருக்கும் உசுரு போயிரும்."

அவர் சொன்னது பொய்யும் இல்லை. ஒரு பேச்சுக்காகத் தலையைச் சீவிக் கம்பத்தில் நட்டதைப் பாலத்தருகே பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து கழுத்துப் பட்டைகளைப் பிரித்தேன். கஞ்சி ஏறிய துணி கத்திரியில் மொறுமொறுவென்று அறுபட்டது. நூற்றைம்பது பட்டையையும் தைத்து முடித்தேன். கோபாலிடம் எதுவும் சொல்லவில்லை.

ஆட்டம் பிற்பகல் மூன்று மணிக்கு. ரப்பர் ஷீட் காயப்போடும் நீளக் கொட்டகையில் மேடை. ஒரே வாசல். ஜனங்கள் தரையில் உட்கார்ந்தார்கள். லெட்சுமி முன்வரிசையில், தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு. மேடைக்குப் பின்னால் நான் கோபாலைத் தைத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னிக்கு என் ஊரு, அண்ணே. நல்லா இறுக்கித் தைங்க."

நான் வாயில் ஊசியை வைத்திருந்தேன். அதை எடுத்துவிட்டுப் பேச ஒரு நொடி போதும். அந்த நொடியில் நான் நார் கோத்தேன்.

ஊர்வலம் தொடங்கியது. கோபால் ஈயத்தாள் பளபளக்க நடந்து வந்து மேடை நடுவில் நின்றபோது ஜனங்கள் ஒருவருக்கொருவர் பேசுவதைக்கூட விட்டுவிட்டார்கள். அப்போதுதான் வெளியே லோரிகளின் சத்தம். வாசலின் இரண்டு கதவும் மூடப்பட்டன. துப்பாக்கியோடு சிப்பாய்கள் சுவரோரமாக நின்றார்கள். மொழிபெயர்ப்பாளர் மேடையேறி, பெண்களும் பிள்ளைகளும் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம் என்றார். மூன்று மாத வேலைதான், கூலி உண்டு என்றார். யாரோ ஓலமிட்டார்கள். பிறகு எல்லாரும்.

மாஸ்டர் ராஜா வேஷத்திலேயே இறங்கிப் போய் அதிகாரி முன் நின்று ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னார். அதிகாரி கன்னத்தில் அறைந்தார். கிரீடம் உருண்டது. கண்ணாடி எங்கே விழுந்ததென்று தெரியவில்லை. மாஸ்டர் மண்டியிட்டுத் தரையைத் தடவிக்கொண்டிருந்தார்.

தோட்டத்து ஆண்களை ஒவ்வொருவராக நிறுத்தி, நான் தைத்த பட்டையைக் கட்டி லோரியில் ஏற்றினார்கள். நடிகர்களில் வயது குறைந்தவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அதிகாரிக்குச் சீருடை தைக்க ஆள் வேண்டும் என்பதால் என்னை விட்டுவிட்டார்கள்.

கோபாலின் முறை வந்தது. பிரம்பு வளையத்தோடு லோரியில் ஏற முடியாது. சிப்பாய் என்னைக் காட்டினான். பிரி என்றான்.

முதுகில் மேலிருந்து தொடங்கினேன். கத்திரியால் ஒரே இழுப்பில் அறுத்திருக்கலாம். ஊசி முனையால் ஒவ்வொரு தையலாக எடுத்தேன். என்ன நம்பினேன் என்று தெரியவில்லை; லோரி நிறைந்துவிடும், இருட்டிவிடும், யாராவது வந்து நிறுத்துவார்கள், இப்படி ஏதோ. கோபால் எப்போதும்போல அசையாமல் நின்றார்.  லெட்சுமி பெண்கள் கூட்டத்திலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே," என்றார் மெதுவாக. "நான்தானே எல்லாரையும் வரச் சொன்னேன்."

நான் அடுத்த தையலை எடுத்தேன்.

"எனக்குத் தெரியாதுன்னு அவங்ககிட்டச் சொல்லுங்கண்ணே."

சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் என் தோளில் இடித்தான். கத்திரியை எடுத்து மீதியை அறுத்தேன். பாவாடை வளையங்களோடு தரையில் சரிந்தது. அவர் முழங்காலுக்கு மேல் கட்டிய வேட்டியோடு, முகத்தில் அரிதாரத்தோடு நடந்து போய் லோரியில் ஏறினார். கதவைச் சாத்தினார்கள்.

அதற்குப் பிறகு ஆட்டமே இல்லை. அதிகாரி இன்னொரு தோட்டத்தில் போடச் சொன்னபோது, பார்வை போய்விட்டது என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். கண்ணாடி இல்லாமல் அது ஏறக்குறைய உண்மை. பள்ளிக்கும் போகவில்லை. மரவள்ளி தின்று கால் வீங்கிப் படுத்திருந்தவரை நான் வாரம் ஒரு முறை பார்க்கப் போவேன். ஒருநாள் அவராகவே சொன்னார்: "நீங்க அன்னிக்குப் பட்டையோட வந்து கேட்டீங்களே, ராமையா. அப்பவே எனக்குத் தெரியும்னுதான் இப்ப தோணுது. எனக்கு ஆட்டம் நடக்கணும்னு இருந்துச்சு." அடுத்த மாதம் இறந்தார். ஜப்பான்காரன் போவதற்கு இன்னும் ஒரு வருஷம் இருந்தது.

போர் முடிந்து சில மாதம் கழித்து லெட்சுமி என் கடைக்கு வந்தாள். அடையாளம் தெரியாத அளவு இளைத்திருந்தாள். சயாமிலிருந்து திரும்பிய ஒருவர், கோபால் அங்கே காலராவில் போனதைச் சொல்லிவிட்டாராம். அதைக் கேட்க அவள் வரவில்லை.

"லயத்துல யாரும் என்கூடப் பேசறதில்லண்ணே. தண்ணி எடுக்கப் போனாக்கூட ஒதுங்கிப் போறாங்க. உன் புருஷன்தான் ஜப்பான்காரன்கிட்ட அரிசி வாங்கிட்டு எங்க ஆளுங்கள வித்தான்னு சொல்றாங்க. நீங்க கூடவே இருந்தீங்க. அவருக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியாதும்மா. எனக்குத்தான் தெரியும்."

பட்டை தைத்ததைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. 

"அத அங்க வந்து சொல்லுவீங்களா? ஒரு தடவ வந்து சொன்னாப் போதும்."

"ஞாயித்துக்கிழம வரேன்மா."

அந்த ஞாயிறு நான் போகவில்லை. ஜப்பான்காரனுக்கு வேலை செய்தவர்களைக் காட்டிலிருந்து வந்த கொரில்லாக்கள் இழுத்துப்போய்க் கொன்றுகொண்டிருந்த நேரம் அது. எனக்குத் தெரிந்த இருவரை அப்படிக் கொண்டுபோனார்கள். நூற்றைம்பது குடும்பங்களின் நடுவில் நின்று, பட்டை தைத்தவன் நான் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த ஞாயிறு, அதற்கடுத்தது என்று ஐந்து மாதம் போயிற்று.

ஊர் அடங்கிய பிறகு ஒருநாள் சைக்கிளில் போனேன். லெட்சுமி இருந்த வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள். ஒரு விடியற்காலையில் மூட்டையோடு நடந்து போனாள், எங்கே என்று யாரும் கேட்கவில்லை என்றார்கள். குழாயடியில் நின்ற பெண்களிடம் நான் சொன்னேன். முழுவதையும் சொன்னேன். யாரும் என்னை அடிக்கவில்லை. புருஷனையும் தம்பியையும் லோரியில் பறிகொடுத்த ஒரு அம்மா, குடத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவ இருந்தப்ப வந்து சொல்லியிருந்தா, நாங்க அவளப் போகவிட்டிருக்க மாட்டோமே."

சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மற்றவர்களும் போனார்கள்.

குளுவாங், யோங் பெங், ஜொகூர் பாரு என்று எத்தனையோ ஊரில் விசாரித்தேன். லெட்சுமியைப் பற்றி ஒரு தகவலும் கிடைக்கவில்லை. உயிரோடு இருந்தால் இப்போது அறுபது வயது இருக்கும். இந்த மலர் தோட்டத்துக் குடும்பங்களுக்கும் போகும் என்று சாந்தி சொன்னாள். ஆகையால் ஒன்றை மட்டும் தெளிவாக எழுதிவிடுகிறேன். அந்தத் தோட்டத்து ஜனங்களை ஆட்டத்துக்குக் கூப்பிட்ட கிராணி கோபாலுக்கு, வந்தவர்களை என்ன செய்யப்போகிறார்கள் என்று தெரியாது. தெரிந்தவன் நான். என் பெயர் ராமையா.